பதிலுக்குக் கிண்டல் செய்யும் உரிமை

(நெய்வேலி நகரியத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நகைச்சுவையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் ஒரு ஜோக் சொல்லித் தொடங்குவது மேடை வழக்கம். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. இந்த ஊர் உருவான கதையே போதும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் அதை எடுக்க ஒரு நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் முதல் கரி எடுத்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் தேடியவருக்குக் கரி கிடைத்தது. இன்றைக்குக் கரி எடுப்பவர்கள் ராப்பகலாகத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறார்கள். கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் ஊற்று, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேலே முட்டுகிறது. பம்புகள் ஓயாமல் ஓடாவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டுவிடும்.

சிலர் சிரித்தீர்கள். தெரிந்த கதைதான், ஆனாலும் சிரிப்பு வந்தது. எதிர்பார்த்தது ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று என்னும்போது மனம் ஒரு கணம் தடுமாறி, அந்தத் தடுமாற்றம் சிரிப்பாகிறது என்று கான்ட் 1790இல் எழுதிய காலத்திலிருந்து அறிஞர்கள் சொல்லி வருகிறார்கள். இன்னொரு விளக்கம் 1860இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் சொன்னது. மனத்தில் தேங்கும் நரம்புச் சக்திக்குச் சிரிப்பு ஒரு வடிகால் என்றார் அவர். 1905இல் ஃபிராய்டு அதை விரித்து ஒரு புத்தகமே எழுதினார். வெளியே சொல்ல முடியாத கோபமும் ஆசையும் ஜோக்கின் வேஷத்தில் வெளியேறுகின்றன என்பது அவர் கட்சி. நீராவி யந்திரங்களின் காலத்து மனிதர்கள் அவர்கள். நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க நீராவி வேண்டாம், பம்பைக் காட்டினால் போதும்: அடியில் முட்டுவதை இறைத்துவிட்டால் தரை நிற்கும். நானும் நெடுநாள் இதையே நம்பி வகுப்பெடுத்தேன். ஆனால் இந்த ஊரில் யாரும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. இறைத்த தண்ணீர் யார் வயலில் போய்ப் பாய்கிறது? அதாவது, ஒருவர் சிரித்துத் தீர்க்கும் கோபம் யார் தலையில் போய் விழுகிறது? இன்றைய பேச்சு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

அதற்கு முன்பு ஒரு கடனைத் தீர்த்துவிடுகிறேன். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்ற பழமொழியை நான் நிரூபித்துக் காட்டுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அது அவ்வளவு சுலபமாக நிரூபணமாகவில்லை.

இந்த நம்பிக்கைக்கு நவீன வடிவம் கொடுத்தவர் நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். 1964இல் மூட்டுகளை முடக்கும் நோயில் விழுந்தார். மருத்துவமனையை விட்டு ஓர் ஓட்டல் அறைக்கு மாறி, மார்க்ஸ் சகோதரர்களின் சிரிப்புப் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் எழுதினார். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அவர் கூடவே வைட்டமின் சியை ஏராளமாக ஏற்றிக்கொண்டதை மேடைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை. ஒரே ஒரு நோயாளி, அவர் சொன்ன அனுபவம், அவ்வளவுதான் சான்று.

மறுபக்கம் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் 1921இல் டெர்மன் என்ற உளவியலாளர் சுமார் 1,500 கெட்டிக்காரக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து ஆராயத் தொடங்கினார். அவர் காலமான பிறகும் அந்த ஆராய்ச்சி தொடர்ந்தது. குழந்தைப் பருவத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் யாரைக் கலகலப்பானவர், நகைச்சுவை உணர்வுள்ளவர் என்று குறித்தார்களோ அவர்கள் சராசரியாகச் சீக்கிரமே இறந்துபோனார்கள் என்று 1993இல் ஃபிரீட்மனும் அவருடைய கூட்டாளிகளும் கண்டார்கள். நீண்ட நாள் இருந்தவர்கள் பொறுப்பும் ஒழுங்கும் உள்ள பிள்ளைகள். அதாவது வகுப்பில் சிரிக்காமல் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள். கலகலப்பானவர்கள் ‘ஒன்றும் ஆகாது’ என்று சிகரெட்டும் குடியும் கொஞ்சம் கூடுதலாகப் பழகியது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

நார்வேயில் 53,556 பேரைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்து 2016இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி. நகைச்சுவையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் பெண்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. ஆண்களுக்கு அந்தப் பலன் தொற்றுநோய்ச் சாவுகளில் மட்டும்தான் தெரிந்தது. இதை வீட்டில் சொன்னேன். ‘உங்க ஜோக்கையெல்லாம் சகிச்சுக்கிட்டதுக்குக் கெடச்ச கூலி’ என்றார்கள்.

ஆக, சிரிப்பை மாத்திரையாக நினைத்தால் கணக்கு இப்படித்தான் இழுபறியாகிறது. மாத்திரையைத் தனியாக விழுங்கலாம். சிரிப்பை அப்படி முடியாது. ராபர்ட் புரொவைன் என்ற நரம்பியல் ஆய்வாளர் கடைவீதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் ஒட்டுக்கேட்டு 1,200 சிரிப்புகளைக் குறித்துவைத்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. இன்னும் வேடிக்கை, ஜோக் என்று சொல்லத்தக்க எதற்கும் சிரித்தது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ‘அப்ப வரட்டுமா?’ ‘பாத்து எவ்ளோ நாளாச்சு!’ மாதிரியான வெறும் பேச்சுக்குத்தான் பெரும்பாலும் சிரிக்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார், சிரிப்புப் படம் பார்த்துச் சிரித்தவர்களால் உறைகுளிர்ப் பட்டையைக் கையில் கூடுதல் நேரம் தாங்க முடிகிறது என்று காட்டினார். அங்கேயும் தனியாகப் பார்த்தவர்களைவிடக் கூட்டமாகப் பார்த்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். பலன் இருக்கிறது. ஆனால் அது மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில் இருக்கிறது.

நடுவில் என்றால் என்ன என்று காட்ட, தொழிலாளர்கள் நிறைந்த இந்த அவைக்குப் பொருத்தமான ஓர் ஆய்வு உண்டு. என் துறையில் எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். டொனால்ட் ராய் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு தொழிற்சாலையில் தானே யந்திரம் ஓட்டப்போய், 1950களின் முடிவில் அதைக் கட்டுரையாக்கினார். ஒதுக்குப்புறமான ஒரு சின்ன அறை. அச்சை வைத்து யந்திரத்தைத் தட்டித் துண்டு வெட்டும் வேலை. காலையிலிருந்து மாலைவரை அதேதான். முதல் சில நாட்களில் ராய்க்குப் பைத்தியம் பிடிக்கும் போலாகிவிட்டது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு கூட இருந்த முதியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினார்.

சாம்மி என்பவர் தினமும் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு வாழைப்பழம் கொண்டுவருவார். முற்பகலில் ஐக் என்பவர் அதைத் திருடி, ‘வாழைப்பழ நேரம்!’ என்று கூவிவிட்டுத் தானே தின்றுவிடுவார். சாம்மி கத்துவார், திட்டுவார். மறுநாளும் பழம் கொண்டுவருவார். ஒருநாளும் அவர் தின்றதில்லை, ஒருநாளும் கொண்டுவராமல் இருந்ததும் இல்லை. இதேபோல ஜன்னலுக்கு ஒரு நேரம், மீனுக்கு ஒரு நேரம். வெளியாளுக்குச் சிறுபிள்ளைத்தனம். உள்ளே இருப்பவர்களுக்குக் கடிகாரத்தைத் தள்ளிவிடும் வழி அதுதான். ராய்க்குக் கால்வலி குறைந்தது. நேரம் போவது தெரியவில்லை.

கதையின் முக்கியமான பாதி இனிமேல்தான். ஜார்ஜ் என்பவர் தம் மகளை ஒரு பேராசிரியரின் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அறையில் அவருடைய மதிப்பே அந்தச் சம்பந்தத்தில் இருந்தது. ஒருநாள் விளையாட்டாக, அந்தச் சம்பந்தி வேலை பார்ப்பது முடிதிருத்தக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில்தான் என்று ஐக் போட்டு உடைத்தார். கதையைக் கட்டி ஐக்கின் காதில் போட்டவர் நம் ஆய்வாளரேதான். ஜார்ஜ் முகம் இறுகிப் பேச்சை நிறுத்தினார். பல நாள் யாரோடும் சிரிப்பில்லை, பழம் திருட்டில்லை. வேலை அதேதான், யந்திரம் அதேதான். ஆனால் ராய்க்குப் பழைய கால்வலியும் களைப்பும் முழு பலத்தோடு திரும்பி வந்தன. மனித உடம்பில் சிரிப்பு என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வுக்கூடமும் நடத்தியதாக நான் படித்ததில்லை.

பழத்தைத் திருடினால் சிரிப்பு, சம்பந்தியைத் தொட்டால் பகை. ஏன்? சாம்மிக்குத் திருப்பிக் கத்த இடமிருந்தது; மறுநாள் பழத்தைக் கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடர்வதும் தொடராததும் அவர் கையில் இருந்தது. ஜார்ஜுக்குப் பதில் இல்லை. அவரிடம் இருந்த ஒரே ஒரு பெருமையின் மேல் கை வைத்துவிட்டார்கள்.

என் அப்பா சுரங்கத்தில் ஷிப்டு பார்த்தவர். அவர்கள் கூட்டத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. ஒருவர் எதையும் சுருக்கமாகச் சொல்ல மாட்டார். டீ வேண்டும் என்பதற்கே தாத்தா காலத்திலிருந்து தொடங்குவார். அவருக்கு ‘ஓவர்பர்டன்’ (கரிக்கு மேலே மூடிக் கிடக்கும் மண்) என்று பெயர். ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணைத் தள்ள வேண்டிய ஊரில் அந்தப் பெயரின் பொருத்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. ‘எங்கிட்ட தோண்டுனா கடைசியில கரியாவது வரும், ஒங்கிட்ட வெறும் மண்ணுடா’ என்று பெயர் வைத்தவரையே மடக்கிவிட்டார். ஓய்வு பெறும்வரை இருவரும் அதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெவ்வேறு மாவட்டம், வெவ்வேறு சாதி, மாப்ளே, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அதற்கும் காரணம் உண்டு. ராட்கிளிஃப்-பிரவுன் என்ற மானிடவியலாளர் 1940இல், யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்குப் பல சமூகங்களில் முறை வகுத்திருப்பதைப் பற்றி எழுதினார். நமக்கு அது புதிதல்ல. அத்தை மகனைக் கிண்டலடிக்கலாம், மாமனாரை முடியாது. கொழுந்தன் அண்ணியைக் கேலி செய்வான், அவளும் விடமாட்டாள். மாமியார் வந்தால் மருமகன் எழுந்து நிற்பான். சிக்கல் வரக்கூடிய உறவில் ஒன்று தள்ளி நிற்கிறோம், இல்லாவிட்டால் கேலியால் நெருங்குகிறோம் என்றார் அவர். ஊர்விட்டு ஊர் வந்து இந்த நகரியத்தில் வட்டம் வட்டமாகக் குடியேறிய அந்நியர்களுக்கு அத்தை மகன் ஏது? ஆகவே ஷிப்டிலேயே மச்சான்களை உண்டாக்கிக்கொண்டார்கள். அதில் ஒரு நுட்பமும் இருந்தது. கேலி இரு பக்கமும் ஓடும் உறவு ஒரு வகை, ஒரு பக்கம் மட்டும் ஓடி மற்றவர் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டிய உறவு இன்னொரு வகை என்று ராட்கிளிஃப்-பிரவுனே பிரித்தார். முதல் வகையில்தான் மச்சான் உண்டு.

இரண்டாவது வகை எங்கே இருக்கிறது? அலுவலகக் கூட்டங்களில் பாருங்கள். ரோஸ் கோசர் 1960இல் ஒரு மனநல மருத்துவமனையின் மருத்துவர் கூட்டங்களில் உட்கார்ந்து, யார் யாரைப் பற்றி ஜோக்கடிக்கிறார்கள் என்று குறித்தார். மூத்தவர்கள் இளையவர்களைச் சொன்னார்கள். இளையவர்கள் நோயாளிகளையோ தங்களையோ சொன்னார்கள். அங்கே இருக்கும் மூத்தவரை ஒருவரும் சொல்லவில்லை. மேலிருந்து கீழே மட்டும் ஓடியது. அறுபது வருடத்துக்கு மேலாகிறது, இந்தியாவில் எந்த அதிகாரி ஜோக் சொன்னாலும் அறையே சிரிக்கிறது. அது நல்ல ஜோக்கா என்று அவருக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியவரும்.

நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் எந்தத் தொழிற்கூடத்திலும் இதைக் காணலாம். ‘என்னப்பா, உனக்கு எப்ப பெர்மனென்ட்?’ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார். கேட்கப்பட்டவரும் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பைத்தான் நாம் ‘ஜாலியான ஆள், எதையும் மனசுல வச்சுக்க மாட்டான்’ என்று தப்பாகக் கணக்கிடுகிறோம். அவரால் திரும்ப என்ன கேட்க முடியும்?

கனடாவின் ராட் மார்ட்டினும் அவருடைய மாணவர்களும் 2003இல் நகைச்சுவையைப் பயன்படுத்தும் விதங்களை அளக்க 32 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். கூட இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நகைச்சுவை, கஷ்டத்தில் தனக்குத்தானே தெம்பு சொல்லிக்கொள்ளும் நகைச்சுவை, பிறரைக் குத்துவது, பிறர் தன்னை ஏற்றுக்கொள்ளத் தன்னையே கேவலப்படுத்திக்கொள்வது என நான்கு. முதல் இரண்டும் மனநலத்தோடு சேர்ந்து போகின்றன. கடைசியில் சொன்னதைப் பழக்கமாக வைத்திருப்பவர்களிடம் மனச்சோர்வும் தாழ்வுணர்ச்சியும் அதிகம். ஆகவே தன்னைக் கிண்டல் செய்துகொள்கிறவரெல்லாம் மனம் லேசானவர் என்று எண்ணிவிடாதீர்கள். பிறரைக் குத்தும் வகையைப் பற்றி வந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்: குத்துபவரின் மனநலத்துக்கு அதனால் பெரிதாகக் கேடில்லை. அடி வாங்குபவருக்குத்தான்.

நம் இலக்கணம் இந்த இடத்துக்கு எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலை முதலாவதாகச் சொல்கிறது. உரை எழுதிய பேராசிரியர் அந்த எள்ளலை இரண்டாக்கினார்: நாம் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாம் நகுவது இன்னொன்று. இரண்டாவதைச் சிரிப்பென்று கண்டுகொண்ட கண் கூர்மையானது. வள்ளுவரும் சிரிப்பைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. இடுக்கணில் சிரிக்கச் சொன்னவர், நட்பு அதிகாரத்தில் நட்பு சிரித்து மகிழ மட்டும் ஆனதல்ல என்கிறார். பண்புடைமையில், பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவருக்குப் பட்டப்பகலும் இருட்டு என்கிறார். மேடைகளில் முதலாவது மட்டும்தான் ஒலிக்கிறது. எனக்கு மூன்றாவதுதான் பெரிது. மனநலம் என்று இன்று நாம் பேசுவது அந்தக் கலந்து மகிழ்தலில் இருக்கிறது.

சினிமாவைத் தொடாமல் தமிழில் இந்தப் பேச்சு முடியாது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் – டி.ஏ.மதுரம் ஜோடியைக் கவனியுங்கள். கிருஷ்ணன் ஒன்று சொன்னால் மதுரம் பதிலுக்கு ஒன்று வைத்திருப்பார். பல காட்சிகளில் தோற்பது கலைவாணர்தான். கவுண்டமணி–செந்தில் காமெடியில் உதையும் திட்டும் ஏராளம். நிறத்தையும் உருவத்தையும் சொல்லித் திட்டுவதை இன்று பார்க்க எனக்குக் கூசுகிறது. ஆனால் 1989இன் ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சி ஏன் இன்னும் நிற்கிறது? அதில் அதிகாரம் கவுண்டமணியிடம், வெற்றி செந்திலிடம். இரண்டு பழத்துக்குக் காசு வாங்கியவர் ஒரு பழத்துக்குக் கணக்குச் சொல்லும் அசைக்க முடியாத தர்க்கத்தின் முன்னால் பெரியவர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். அமெரிக்க அறையிலும் வாழைப்பழம், இங்கேயும் வாழைப்பழம், அது தற்செயல். 2019 மே மாத இறுதியில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்ததே, அங்கேயும் ‘ஃபிரெண்ட்ஸ்’ படத்தில் சுத்தியல் விழுந்தது கான்ட்ராக்டர் தலையில். கையாள் தலையில் விழுந்திருந்தால் இவ்வளவு பேர் சிரித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இதெல்லாம் சினிமாவுக்கு முன்பே நம் வட்டாரத்துக் கூத்தில் இருந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடிய கூத்து பார்த்த பிள்ளைகள் நாங்கள். கிரீடமும் புஜகீர்த்தியுமாகத் துரியோதனன் வந்து திரைக்குப் பின்னால் நிற்கிறான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ‘நீ யாரய்யா?’ என்று நம் பேச்சுத் தமிழில் கேட்கிறான். ராஜா பதில் சொல்லியாக வேண்டும். அவன் வீரம் பேசப் பேச இவன் அதைச் சாதாரண வார்த்தையில் திருப்பிச் சொல்லிக் காற்றைப் பிடுங்குகிறான். துகிலுரியும் இரவில், சபை கனத்துப்போய்க் கிடக்கும்போதும் அவன் வாய் ஓயாது. கட்டியங்காரன் சொக்கத் தங்கமல்ல. எளியவர்களையும் பெண்களையும் மட்டந்தட்டிக் கைதட்டல் வாங்குவதும் அவன் வழக்கம்தான். ஆனாலும் ராஜாவைப் பார்த்து ராஜாவின் முகத்துக்கு நேரே சிரிக்க ஓர் ஆளை மேடையிலேயே நிறுத்தி வைத்த மரபு இது. எத்தனை ஆலோசனைக் கூட்டங்களில் அப்படி ஓர் ஆள் இருக்கிறார்?

இனி நகரியத்தின் சொந்தப் பிரச்சினை ஒன்றுக்கு வருகிறேன். இங்கே அறுபது வயதானால் வேலை மட்டும் போவதில்லை, குவார்ட்டர்ஸும் போகிறது. முப்பது வருடம் கூடச் சிரித்தவர்கள் ஒருவர் வடலூருக்கு, ஒருவர் பண்ருட்டிக்கு, ஒருவர் பையன் இருக்கும் சென்னை அடுக்ககத்துக்கு எனச் சிதறுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எழுதித் தருகிறோம். ‘ஓவர்பர்டன்’ என்று கூப்பிட ஆளில்லாமல் போனதற்கு என்ன எழுதுவது? பூங்காச் சிரிப்பு மன்றங்கள் கொஞ்சம் உதவும். 1995 மார்ச்சில் மும்பைப் பூங்கா ஒன்றில் ஐந்து பேரோடு மதன் கட்டாரியா என்ற மருத்துவர் தொடங்கியது அது. ஜோக்குகள் தீர்ந்துபோனதும், காரணமே இல்லாமல் சிரிக்கப் பழக்கினார். செயற்கை என்று நான் முன்பு ஏளனம் செய்ததுண்டு. தினமும் காலையில் பத்து முகங்களைப் பார்க்க அது ஒரு சாக்கு என்ற அளவில் இப்போது மதிக்கிறேன். ஆனால் அங்கே யாருக்கும் யாருடைய பழைய கதையும் தெரியாது.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பீர்கள். கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை முகத்தை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 2015இன் சொல்லாகவே அறிவித்தார்கள். அதை அனுப்பும்போது எத்தனை பேர் நிஜமாக வாய் திறந்து சிரிக்கிறோம்? பழைய ஷிப்டுக் கூட்டங்கள் மாதம் ஒருமுறை நேரில் கூடட்டும். ஹால் வேண்டாம், மந்தாரக்குப்பத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு போதும். தைப்பூசத்துக்கு எப்படியும் வடலூர் வருகிறீர்கள், அங்கிருந்து தொடங்கலாம். கூப்பிடும் பட்டியலைத் தயார் செய்யும்போது, உங்களோடு அதே பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் எண்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான் விசாரித்த குழுக்களில் இல்லை. அவர்கள் வந்தால் முதல் இரண்டு கூட்டங்களில் அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். முப்பது வருடமாக உங்களுக்கு என்னென்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் தெரியும்.